இடம் கொடுத்த இரைப்பைக்கு ஒரு பாராட்டு

தலைமையையும் தாகத்தையும் ஒருசேரத் தாங்கி அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே! முன்வரிசையை முற்றுகையிட்ட மூத்தவர்களே! பிள்ளையை மடியிலும் என் பேச்சைப் பொறுமையிலும் சுமக்கும் தாய்மார்களே! இந்த ஆலையின் கேன்டீனில் உண்டு உயர்ந்த உழைப்பாளித் தோழர்களே! வணக்கம்.

இன்று விருது பெறும் தலைமைச் சமையல்காரி யார்? என் தங்கை! என்னை அண்ணனாகப் பெற அவள் என்ன தவம் செய்தாளோ! அங்கே சிரிப்பது என் மனைவி. சிரிக்கட்டும்.

அவள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். ஆலைக்கே ஆக்கிப் போட்ட கை, தன் வாய்க்கு இரண்டு கவளம் கொடுத்ததும் வயிறு கதவைச் சாத்திவிடும். மேல்வயிறு கல்லாய்க் கனத்து வலிக்கும். கன்னம் ஒட்டியது, வளையல் முழங்கை வரை ஓடியது.

அவள் தட்டைத் தள்ளியதும் அடுக்களைப் பெண்கள் என்ன நினைத்தார்கள்? “அக்காவுக்கு நம்ம சமையல் பிடிக்கல போலடி!” அன்று உப்பைக் கூட்டினார்கள். மறுநாள் காரத்தைக் கூட்டினார்கள். அதுவரை இவள் ஒருத்திதான் வயிற்றைப் பிடித்தாள். அப்புறம் ஆலையே பிடித்தது! மேலாளர் தலையாட்டுகிறார் பாருங்கள். அனுபவம்!

டாக்டரம்மா வாய்வழியே வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். புண் இல்லை. ஒரு மாத்திரை எழுதினார். மருந்துக் கடையில் யாரோ, “இது மனக்கவலைக்குக் குடுக்கறதாச்சே” என்றுவிட்டார். உடைந்துபோனாள் என் தங்கை.

“நிஜமாவே வலிக்குதுண்ணா. நடிக்கறேன்னு நெனச்சுட்டாங்களா? நாளையிலேர்ந்து வேற யாராச்சும் கரண்டியப் பிடிக்கட்டும்.”

பொறுப்பேனா நான்? புயலாய்ப் புறப்பட்டேன்! மருத்துவமனைச் சுவர்கள் நடுநடுங்கின!

டாக்டரம்மா சிரித்தார். “உக்காருங்கண்ணே. செரட்டோனின்னு ஒண்ணு உடம்புல சுரக்குது. மூளையில கொஞ்சம்தான், பெரும்பாலும் குடல்லதான். சாப்பாடு வந்தா இரைப்பையோட மேல்பக்கம் தளர்ந்து இடம் கொடுக்கணும். உங்க தங்கச்சிக்கு இறுகியே இருக்கு போல. இந்த மருந்து செரட்டோனின் வழியா அதைத் தளர்த்திப் பாக்கும். எல்லாருக்கும் கேக்காது. மொதல்ல குமட்டலாம். ஆனா அவங்க வலி நிஜம்தான்.”

நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் என் பஞ்சர் கடையில் ட்யூபுகளின் பேராசிரியர்! மடங்கி ஒட்டிக்கொண்ட ட்யூபில் காற்று ஏறுமா? ட்யூபைத் திட்டினால்தான் ஏறுமா? இதைச் சொன்னதும் டாக்டரம்மா வியந்து எழுந்து நின்றார்! என்ன? அடுத்த நோயாளியைக் கூப்பிட எழுந்தாராம். மனைவி சொல்கிறாள்.

வீட்டுக்கு வந்தேன். முழங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “உன் வலி நிஜம்தாம்மா. டாக்டரம்மாவே சொன்னாங்க” என்றேன். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அழுதாள். மாத்திரையை விழுங்கினாள். குமட்டியது, பொறுத்தாள். வாரங்கள் போகப்போக, இரண்டு கவளம் நான்கானது, நான்கு, கிண்ணமானது.

இன்று மதியம் தட்டை நீட்டிக் கேட்டாள்: “இன்னும் ஒரு கரண்டி போடுடி.” அடுக்களைப் பெண் கரண்டி நிறைய அள்ளி ஓடிவந்ததில் பாதி தரையில் கொட்டியது. அத்தனை பேரும் அழுதார்கள். நானும் அழுதபடியே மூன்று தட்டுச் சாப்பிட்டேன்.

தோழர்களே! வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் நம்புங்கள்! காயம் தெரியாவிட்டாலும் நம்புங்கள்! குழாயில் தெரியாவிட்டாலும் நம்புங்கள்! இறுகிய இரைப்பையே இடம் கொடுக்கிறது. நம் இதயம் கொடுக்காதா?

மேடை தந்தவர்களுக்கும், கைதட்டியவர்களுக்கும், தட்ட நினைத்தவர்களுக்கும் நன்றி, வணக்கம். விருந்து தயாராம். இன்று அவள் பரிமாறக் கூடாது, முதலில் உட்காரட்டும். கரண்டி என் கையில்.

நீட்டும்மா தட்டை.