லொக்கரில் ஒளித்த சிப்புகள்

"பொம்பர் சுத்துது! படு! எல்லாரும் படு!"

ஐயா, என் தகப்பன், கத்துகிறார். நான் கிணற்றடியில் நிற்கிறேன். 1990 ஆகஸ்ட். காலை ஏழு நாற்பது. விமானம் கீழே பதிகிறது. இரைச்சல் தலைக்கு மேல் வந்து, ஒரு கணம் இல்லாமல் போகிறது. பிறகு விசில். பிறகு நிலம் குதிக்கிறது. தங்கை வதனி பங்கர்க் குழிக்குள் இருக்கிறாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. ஐயா பங்கர் வாசலில். அம்மா குசினியில், அடுப்படியில்.

நான் கிணற்றடிக்குப் போனது பற்றரிக்காக. யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வரத் தடை. சவர்க்காரம், மண்ணெண்ணெய், எல்லாவற்றுக்கும் தடை. பற்றரி இல்லாவிட்டால் ரேடியோ இல்லை. எந்தப் பக்கம் ஓடுவதென்று யார் சொல்வது? அதனால் ஆறு பற்றரிகளைப் பொலித்தீன் சொப்பிங் பாக்கில் மூன்று மடிப்பாகச் சுற்றி, றப்பர் பட்டி போட்டு, வாழையடியில் புதைத்து வைத்திருந்தேன். ஒளித்து வைக்கும் வேலை எங்கள் வீட்டில் என்னுடையது. அதில் நான் கெட்டிக்காரி.

முதல் குண்டு பக்கத்து ஒழுங்கையில். இரண்டாவது எங்கள் குசினியில்.

அம்மாவை இடிபாட்டிலிருந்து மாலையில்தான் எடுக்க முடிந்தது. பற்றரிப் பார்சலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அன்றிரவு அதே பற்றரியில் ரேடியோ கேட்டோம். இறந்தவர்களின் தொகையைச் சொன்னார்கள். அம்மாவைச் சேர்த்தார்களா என்று தெரியாது.

1992. ரொறன்ரோ. அகதிக் கோரிக்கை. ஸ்காபரோவில் மல்வேர்ன். ஒரு மாடிக் குடியிருப்பில் நான்கு பெண்கள், இரண்டு அறைகள். ஐயாவும் வதனியும் ஊரில். அவர்களைக் கனடாவுக்கு எடுக்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேலை. மற்றதெல்லாம் அதற்காகச் செய்தது.

ஸ்பொன்சர் செய்யச் சட்டம் இரண்டு விஷயம் கேட்டது. ஒன்று, நான் பன்னிரண்டு மாதம் விடாமல் வேலை செய்து, இப்போதும் அதே வேலையில் இருக்கிறேன் என்று முதலாளியின் கடிதம். மற்றது, வதனிக்குப் பத்தொன்பது வயது நிறையும் முன் மனு பதிவாக வேண்டும். நிறைந்தால் அவள் ஐயாவில் தங்கியிருக்கும் பிள்ளை இல்லை. தனி ஆள். படிக்கிற பிள்ளைக்குச் சலுகை உண்டு என்றார்கள். பள்ளிக்கூடமே மரத்தடிக்குப் போன ஊரில் எந்த அதிபரிடம் கடிதம் வாங்குவது?

வதனிக்குப் பத்தொன்பது நிறைவது 1996 ஜூன் நடுப்பகுதியில். எனக்கு நிலையான வேலை கிடைத்தது 1995 ஏப்ரல் முதலாம் கிழமை. கணக்குச் சரியாக இருந்தது. பன்னிரண்டு மாதம் முடிய, ஏப்ரலில் கடிதம், உடனே மனு. இரண்டு மாதம் கையில் மிச்சம்.

அது ஒரு சின்னத் தொழிற்சாலை. லிஃப்டுகளை இயக்கும் மின்பலகைகள் செய்தார்கள். போர்ட் என்போம். பச்சைப் பலகை, அதில் நூறு சாமான், நடுவில் நான்கு கறுப்புச் சிப். சிப்புகள் தாய்வானிலிருந்து வரும். வெள்ளி நிறப் பையில், நீளக் குழாய்களில் அடுக்கி வரும். நாங்கள் மணிக்கட்டில் ஒரு வாரை மாட்டி அதை மேசையோடு கொழுவிக்கொண்டு, சிப்பை எடுத்துப் பலகையில் குத்துவோம். வார் ஏன் என்று கேட்டேன். உடம்பில் உள்ள கரண்ட் சிப்பைக் கொல்லாமல் இருக்க என்றார்கள். சிரிப்பு வந்தது. ஷெல்லில் சாகாத நாங்கள், தொட்டால் சாகும் சாமானோடு வேலை செய்தோம்.

எனக்கு வலப்பக்கம் செல்வி அக்கா. ஊர்காவற்றுறைக்காரி. எல்லாவற்றிலும் வாய் கொடுப்பவர். இடப்பக்கம் மிஸஸ் லின். தாய்வான்காரி. மகன் அங்கே பட்டாளத்தில். ஆங்கிலத்தில் அவருக்கும் எனக்கும் சேர்த்து இருநூறு சொற்கள் இருக்கும். போதுமாக இருந்தது.

1995 ஜூலை. மிஸஸ் லின் ஒருநாள் சிப்பைக் கையில் வைத்துக்கொண்டு குத்தாமல் இருக்கிறார். சீனா அவருடைய தீவுக்குப் பக்கத்துக் கடலில் ஏவுகணை விட்டுப் பார்க்கிறது. தீவு யாருடையது என்பது சண்டை. சோதனைதானாம். எங்களுக்கும் முதலில் ஒத்திகை என்றுதான் சொன்னார்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்றைக்கே நான் தொடங்கிவிட்டேன். ஒவ்வொரு ஓடர் முடியும்போதும் நாலைந்து சிப் மிஞ்சும். ஒரு தட்டில் போட்டுவிடுவார்கள். யாரும் எண்ணுவதில்லை. நான் எடுத்தேன். வெளியே கொண்டுபோகவில்லை. என் லொக்கரில்தான் வைத்தேன். தமிழ்க் கடையில் மரக்கறி வாங்கிய சொப்பிங் பாக்கில் மூன்று மடிப்பாகச் சுற்றி, ஈரம் படாமல் கம்பளிச் சால்வையில் பொதிந்து வைத்தேன். சிப் வராமல் வேலை லைன் நின்றால் என் பன்னிரண்டு மாதமும் நின்றுவிடும். அதற்குத்தான்.

செல்வி அக்கா பார்த்துவிட்டார்.

"உதை ஏன்டி சேர்க்கிறாய்? களவெண்டு சொல்லப்போறாங்கள்."

"தட்டுப்பாடு வந்தால் உதவும் அக்கா."

"இது கனடா. இஞ்ச என்ன தட்டுப்பாடு?"

1995 ஒக்டோபர் 30. திங்கட்கிழமை. இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணம் எழும்பி நடந்தது. மழை. ஒரே இரவில் இலட்சக்கணக்கான சனம் ஒரே தெருவில். ஐயாவும் வதனியும் அதற்குள். பிறகு கிளாலிக் கடலில் வள்ளமேறிக் கிளிநொச்சிக்குப் போனார்கள் என்று ஐந்து கிழமை கழித்துக் கடிதம் வந்தது. ஐந்து கிழமை எனக்கு அவர்கள் உயிரோடு இல்லை, இறக்கவும் இல்லை. இங்கே தொலைக்காட்சியில் எங்கள் தெருவை ஒரு தடவை பார்த்தேன். வானிலைச் செய்திக்கு முன்னால். முடியும்வரை ஊரின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை.

1996 மார்ச் 8. வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிச் செய்தி. ஏவுகணைகள் மறுபடியும். இந்த முறை தாய்வானின் இரண்டு துறைமுகங்களுக்கு முன்னால். அமெரிக்காவின் விமானந்தாங்கிக் கப்பல்கள் போகின்றன. கோட் போட்ட ஒருவர் வரைபடத்தைத் தட்டித் தட்டிக் காட்டுகிறார். இந்தத் தீவில் போர் வந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் படுத்துவிடுமாம். அரை மணி நேரம் பேசினார். எனக்குப் பற்றி எரிந்தது. அந்தச் சனத்தின் மேல் இல்லை. மிஸஸ் லின் வாசலில் அழுதுகொண்டு நின்றார், அவரைக் கட்டிப் பிடித்தவள் நான்தான். எரிந்தது அந்த மனிதனின் கணக்கின் மேல். சிப் செய்கிற தீவுக்கு அரை மணி நேரம். எங்கள் தீவில் விளைவது தேயிலை.

மார்ச் 11, திங்கள். வரவேண்டிய பெட்டிகள் வரவில்லை. கப்பல் சுற்றிப் போகிறதாம். 13, புதன். மனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். வெள்ளிக்குள் சிப் வராவிட்டால் லேஓஃப், ஆட்களை நிறுத்துவார்கள். ஒரு வருஷம் முடிக்காதவர்கள் முதலில்.

எனக்கு ஒரு வருஷம் முடிய மூன்று கிழமை இருந்தது.

14, வியாழன். காலை எட்டு ஐந்து. லொக்கரைத் திறந்தேன். சால்வையை விரித்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு சிப். நூற்று ஐம்பத்து மூன்று போர்ட். மனேஜரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். எனக்குப் பெருமை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெருமைதான். அவர் சிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஓடர் கொடுத்தவன் தொலைபேசியில் நெருக்குகிறான். எங்கே இருந்தது என்று அவர் கேட்கவில்லை. "லைனை ஓட்டுங்கள்" என்றார்.

ஓட்டினோம். வியாழன், வெள்ளி. செல்வி அக்கா என் முதுகில் தட்டினார். கெட்டிக்காரி என்றார்.

18, திங்கள். டெஸ்ட் மேசை. போர்ட்டில் கரண்ட் கொடுத்தால் பச்சை விளக்கு எரிந்து ஒரு சின்ன 'டிங்' கேட்கும். முதலாவதில் கேட்கவில்லை. இரண்டாவதில் கேட்கவில்லை. மூன்றாவதில் கேட்டது. நான்கு, ஐந்து, ஆறு இல்லை. பகல் பன்னிரண்டுக்குள் தொண்ணூற்றேழு செத்த போர்ட். விளக்கு எரிந்த மிச்சத்தையும் நம்ப முடியாது என்றார் எஞ்சினியர். அவற்றின் சிப்புகள் அரை உயிராக இருக்கலாமாம். லிஃப்டுக்குள் ஆள் நிற்கும்போது போனால் யார் பதில் சொல்வது? முழுவதையும் கழித்துவிட்டார்கள்.

அவர் என்னிடம் வந்தார். எப்படி வைத்திருந்தாய் என்று கேட்டார். சொப்பிங் பாக்கையும் சால்வையையும் காட்டினேன். அவர் ஒரு கடதாசியைப் பொடிப்பொடியாகக் கிழித்து மேசையில் போட்டார். பாக்கைச் சால்வையில் நாலு தரம் தேய்த்துக் கடதாசிக்கு மேலே பிடித்தார். துண்டுகள் துள்ளி எழும்பிப் பாக்கில் ஒட்டின.

ஹீற்றர் போட்டு வறண்டு கிடந்த குளிர்கால லொக்கர். உள்ளே கம்பளியும் பொலித்தீனும் உரசிக் கரண்ட் ஊறியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் நான் திறந்து தொட்டுப் பார்த்திருக்கிறேன், பத்திரமாக இருக்கிறதா என்று. தொட்டுத் தொட்டே கொன்றிருக்கிறேன். வெள்ளிப் பை சும்மா பளபளப்புக்கு இல்லை, அந்தக் கரண்டைத் தடுக்கத்தான் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் எது பற்றரியைக் காப்பாற்றியதோ அதையே செய்தேன்.

20, புதன். வேலை போனது. களவு என்று எழுதலாம், கவனயீனம் என்று எழுதலாம், கவனயீனம் என்று எழுதுகிறேன் என்றார் மனேஜர். நன்றி சொல்லச் சொல்கிறாரா என்று நினைத்தேன். சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குத் தாங்காதது. 22, வெள்ளி. பெட்டிகள் வந்துவிட்டன. அடுத்த நாள் தாய்வானில் தேர்தலும் நடந்தது. ஏவுகணை நின்றது. போர் வரவே இல்லை. செல்வி அக்கா தொலைபேசியில்:

"ஒருத்தரையும் நிப்பாட்டேல்லையடி. நாலு நாள் சும்மா இருக்கச் சொன்னவங்கள், அவ்வளவுதான். நீ பேசாமல் இருந்திருக்கலாம்."

பேசாமல் இருந்திருக்கலாம். நான் ஒன்றுமே செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால், ஏப்ரலில் என் கையில் கடிதம் இருந்திருக்கும். மனு பதிவாகியிருக்கும். தூதரகத்துக் கடிதம் கையில் இருந்தால் கிளிநொச்சி இருக்கும் வன்னியிலிருந்து வெளியேற இயக்கத்திடமும் இராணுவத்திடமும் பாஸ் கேட்கலாம். அப்படிக் கேட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். மே மாதம் அவர்கள் கொழும்பில் இருந்திருப்பார்கள்.

மிஸஸ் லின் எனக்காக மனேஜரிடம் இரண்டு தரம் போனார். தன் வேலையையும் பணயம் வைத்துக் கத்தினார் என்று செல்வி அக்கா சொன்னார். பலனில்லை. நான் எட்டு இடத்தில் விண்ணப்பம் போட்டேன். மே கடைசியில் மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை கிடைத்தது. பன்னிரண்டு மாதம் ஒன்றிலிருந்து தொடங்கியது.

ஜூன் வந்தது. போனது. வதனிக்கு வாழ்த்து எழுத என் கை வரவில்லை. எழுதினேன். அது அவளுக்குக் கிடைத்ததா என்று தெரியாது.

ஜூலை கடைசி. கிளிநொச்சி. ஷெல். சனம் அக்கராயன் பக்கம் ஓடுகிறது. ஐயா சைக்கிளைத் தள்ளுகிறார். வதனி பின்னால் மூட்டையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். ஐயாவின் கடிதத்தில் இதெல்லாம் இருக்கிறது. "படு!" என்று கத்தினேன் பிள்ளை என்று எழுதியிருந்தார். ஐயாவுக்கு எப்போதும் விசில் முதலில் கேட்கும். அன்றைக்கும் கேட்டிருக்கிறது. அவர் படுத்தார். அவள் மூட்டையை விடவில்லை.

கடிதம் எனக்குக் கிடைத்தது செப்டெம்பரில். மல்வேர்ன் பஸ் தரிப்பில் நின்று வாசித்தேன். இரண்டு பஸ்ஸை விட்டேன். மூன்றாவதில் ஏறி வேலைக்குப் போனேன். போகாவிட்டால் பன்னிரண்டு மாதம் மறுபடி உடைந்துவிடும்.

இதை யாராவது வாசிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். எங்களை மறந்தவர்கள் வாசிக்க வேண்டும். அந்த வரைபடக்காரரும் வாசித்தால் நல்லது. எண்ணிக்கை இது.

அம்மா. 1990 ஆகஸ்ட். நாற்பத்தாறு வயது. குசினியும் அதோடு.

யாழ்ப்பாணத்து வீடு. 1995 ஒக்டோபர். கூரை இல்லை என்று கேள்வி.

சிப் அறுநூற்றுப் பன்னிரண்டு. போர்ட் நூற்று ஐம்பத்து மூன்று. வேலை ஒன்று.

வதனி. பத்தொன்பது வயதும் ஆறு கிழமையும்.

1997 கோடையில் ஐயாவுக்கு மனு நிரப்பினேன். கறுப்பு மையில் நிரப்பச் சொல்லியிருந்தார்கள். அவரோடு வரும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருந்தது. வெறுமையாக விட்டுக் கொடுத்தேன். அலுவலகத்துப் பெண் திருப்பித் தந்தாள். எண் எழுதாவிட்டால் ஏற்கமாட்டார்களாம். அங்கேயே நின்று பூச்சியம் எழுதினேன்.