தாடியும் ஜெர்மன் பரீட்சையும்

“ஜெர்மன்ல ஷேவ் பண்றதுக்கு ‘ரஸீரன்’னு சொல்வாங்கப்பா. பிரெஞ்சுக்காரங்ககிட்டேருந்து எடுத்துக்கிட்ட சொல்லாம்.”

வைத்தீஸ்வரன் கோயில் பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நர்ஸ் பெண் சொன்னாள். பக்கத்தில் அவள் அப்பா, நெஞ்சு வரை தாடியோடு.

“அவங்களே இரவல் வாங்கிப் பேசுறாங்க. உன்னை எதுக்கு ரெண்டு தடவை ஃபெயிலாக்கினாங்க?”

“அதான் இப்ப பாஸாயிட்டேன்ல? முத்துக்குமாரசாமிக்கு வேண்டிக்கிட்டு வளத்த தாடியை இன்னிக்கு எடுத்துடுங்க. அம்மா உங்களை ‘சாமியாரே, சாப்பிட வாங்க’ன்னு கூப்பிடுறாங்க.”

அவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

“அடுத்த மாசம் எடுக்கலாமாம்மா?”

“ஏன்ப்பா?”

“எடுத்துட்டா நீ ஜெர்மனிக்குக் கெளம்பிடுவியே.”

“சாமிகிட்டயே வாய்தா கேக்குறீங்களா?” என்று சிரித்தாள்.

கோயில் நிறுத்தம் வந்தது. அவர்தான் முதலில் எழுந்தார்.

முருகா, அந்தப் பெண்ணை நல்லபடியாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு.