துவான் அண்ணனின் மதியத் தூக்கம்

எங்கள் சைகோனில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் சற்றுக் கண்ணயர்வதை யாரும் சோம்பல் என்று சொல்வதில்லை. உங்கள் மேசைக்கு அடியிலும் ஒரு பாய் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது, ஐயா. உள்ளே வரும்போதே கவனித்தேன். நல்ல பழக்கம். விட்டுவிடாதீர்கள்.

என் பெயர் யென். முன்பு ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். ஒரு கணினி நிறுவனத்தில் ஊழியர் நலப் பொறுப்புக்கு வந்தது என் கணவர் வியென் இறந்த பிறகுதான். அவர் அங்கே துவான் அண்ணன் தலைமை தாங்கிய குழுவில் வேலை பார்த்தவர். அந்தக் குழுவின் வாடிக்கையாளர்கள் அனைவரும் ஜப்பானியர்கள். நமக்கு நண்பகலாகும்போது அவர்கள் சாப்பிட்டு முடித்து மீண்டும் வேலையில் அமர்ந்திருப்பார்கள். ஆகவே அலுவலகம் முழுவதும் விளக்கணைத்துப் படுக்கும் வேளையில் துவான் அண்ணனின் பகுதியில் மட்டும் விளக்கு எரியும். இருட்டிய பிறகும் எரியும். ஒருநாள் வீடு திரும்பும் வழியில், மோட்டார் சைக்கிளை ஓட்டியபடியே வியென் உறங்கிப்போனார். பாலத்தின் இறக்கத்தில் ஒரு மணல் லாரி நின்றிருந்தது.

சாவு வீட்டுக்குத் துவான் அண்ணன் வந்தார். முறைப்படி ஊதுவத்தி ஏற்றிக் குனிந்து வணங்கினார். அப்போது அவருடைய கைபேசி ஒலித்தது. சவப்பெட்டியின் அருகில் நின்றபடியே பேசினார்.

“வியென் பாத்துக்கிட்டிருந்ததை இன்னிக்கே வேற யாருக்காவது மாத்தி விடுப்பா. ஜப்பான்காரன் காத்துக்கிட்டிருக்கான். அவன்கிட்ட போய்ச் சாவு கீவுன்னு சொல்லிக்கிட்டிருக்காத.”

பேசி முடித்ததும் என் பக்கம் திரும்பி, மனத்தைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் அவசரக்காரர்களுக்கு உரியது.

நிறுவனம் இரக்கப்பட்டு எனக்கு வேலை தந்தது. ஊழியர்கள் சோர்ந்து விலகிப்போவதைத் தடுக்க வழி காணும்படி சொன்னார்கள். முதல் கூட்டத்தில், பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல ஒரு கதை சொன்னேன். ஒரு குடியானவனின் எருமை பகலில் அவன் வயலையும் இரவில் அண்டை வீட்டான் வயலையும் உழுதது. ஒருநாள் ஏரோடு நின்றபடியே உறங்கிவிட்டது. அடித்துப் பார்த்தான், அசையவில்லை. கடைசியில் நுகத்தைத் தன் கழுத்திலேயே பூட்டிக்கொண்டு இழுத்தான். உழவுச் சாலின் பாதியை எட்டுவதற்குள் அவனுக்கு எருமையின் மொழி புரிந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். உரக்கச் சிரித்தவர் துவான் அண்ணன்.

“எருமையை விட்டா அது சேத்துல போய்ப் படுத்துக்கும், தங்கச்சி. அப்புறம் உழவுக்கு என்ன, உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களா வருவாங்க?”

மேலிடம் என் திட்டத்தை ஏற்றது. நண்பகலில் எல்லாப் பகுதிகளிலும் விளக்கணைக்க ஏற்பாடாயிற்று. ஜப்பானியர்களுக்கு நானே எழுதினேன். மிகுந்த பணிவோடு உடனே ஒப்புக்கொண்டார்கள். அதுவரை யாரும் அவர்களிடம் கேட்கவேயில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பதிலைப் பலமுறை படித்தேன்.

மாலைக்குப் பின் அலுவலகச் செய்தி அனுப்பக் கூடாது. படுக்கும் முன் கைபேசிகளை என் கூடையில் இட்டு, மீண்டும் விளக்கெரிந்த பிறகே எடுக்க வேண்டும். உறங்குபவரை எழுப்பக் கூடாது. இவ்வளவுதான் விதிகள். முகங்கள் தெளிந்தன. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் காத்திருக்கும் அப்பாவைக் கண்டு குழந்தைகள் வியந்ததாகச் சொன்னார்கள். வேலையை விட்டுப் போவாரில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் ஏற்பாடு செய்த மருத்துவப் பரிசோதனையில் துவான் அண்ணனுக்கு இதயக் குழாயில் அடைப்பு இருப்பது தெரிந்தது. நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரையை எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டும், ஓய்வும் வேண்டும் என்றார் மருத்துவர். அதன்பின் அண்ணனின் கேலி அடங்கியது. அவருக்கென்று தனி அறை ஒதுக்கினேன். முன்பு பெரிய கணினிகள் இரைந்துகொண்டிருந்த அறை. சன்னல் இல்லை, கதவு கனமானது. மெத்தையை நானே தேர்ந்தெடுத்தேன். படுக்கும் முன் தாமரைத் தேநீர் கொடுப்பேன். சட்டைப் பையில் இருந்த மாத்திரைக் குப்பியைப் பார்த்து, புரளும்போது நெஞ்சில் குத்தும், என்னிடம் இருக்கட்டும் என்றேன். கைபேசியோடு அதுவும் கூடைக்கு வந்தது. நாளடைவில் கேட்காமலே கொடுக்கப் பழகினார்.

மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தது. எனக்கு மதியத்தில் உறக்கம் வருவதில்லை. அந்தக் கதவருகே ஒரு முக்காலியில் அமர்ந்திருப்பேன். ஒருநாள் கதவின் அடிப்பக்கம் மெல்லத் தட்டும் ஒலி கேட்டது. பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த லுவா தலையைத் தூக்கினாள். அந்தக் குழுவிலேயே இளையவள் அவள்.

“அக்கா, அண்ணன் கதவைத் தட்டுற மாதிரி இல்ல?”

“புரண்டு படுக்கிறாரும்மா.”

“நான் வேணா எட்டிப் பாக்கட்டுமா?”

“எழுப்பிட்டா அப்புறம் அவருக்குத் தூக்கம் வராது. பாவம், விட்டுடு.”

அவளுடைய போர்வையைச் சரிசெய்தேன். மீண்டும் விளக்கெரிந்த பிறகு, அண்ணனுக்கு நேற்று உறக்கமில்லை, இன்று விட்டுவிடுவோம் என்று எல்லோரிடமும் சொன்னேன். மூத்தவரின் உறக்கத்தைக் கலைக்க எங்களில் யாருக்கு மனம் வரும்? செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கதவைக் கடந்து போனார்கள். டோக்கியோவிலிருந்து அழைத்தவர்களிடம் கிசுகிசுப்பாகப் பேசினார்கள். மாலையில் பூட்ட வந்த காவலாளிகூட, போர்வை கழுத்துவரை இருப்பதைப் பார்த்துவிட்டுக் கதவை ஓசைப்படாமல் சாத்தினான்.

மறுநாள் அண்ணன் இறந்து கிடப்பதைக் கண்டு மாரடைப்பு என்று எழுதினார்கள், அது உண்மைதான். யாரும் என்னை ஐயுறவில்லை. ஆனால் லுவா இப்போது உறங்குவதில்லையாம். அந்தத் தட்டல் ஓயாமல் கேட்கிறதாம். வேலையை விடப்போகிறாள். என் பொறுப்பில் உள்ள ஒரு பெண் அப்படிச் சோர்ந்துபோவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அதற்காகத்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். அவள் எழுந்து வந்திருந்தாலும் நான் உள்ளே விட்டிருக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள்.

அன்று அவள் மறுபடி கண்ணயர்ந்ததும் கூடையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அண்ணன் தரையில் கிடந்தார். “தங்கச்சி, மாத்திரை” என்றார். அருகில் அமர்ந்து, வியெனின் பெயரைச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது, புரிந்துகொள்ள நேரம் இருந்தது. எல்லாம் முடிந்தபின் மெத்தையில் கிடத்திப் போர்த்திவிட்டேன்.

பழி வாங்கினேன் என்று எழுதுகிறீர்கள். அதை அடித்துவிடுங்கள், ஐயா. அவர் திரும்பத் திரும்பக் கூடையைத்தான் காட்டினார். விளக்கெரியும்வரை கூடையிலிருந்து எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை. ஒருவருக்கு விட்டுக்கொடுத்திருந்தால் மறுநாள் எல்லோரும் வந்து நின்றிருப்பார்கள்.