அடுத்த பெயர்

கடிதங்களுக்கு அன்றைக்கே பதில் எழுதிவிடுகிறவன் நான். மறுக்க வேண்டியிருந்தால் இன்னும் சீக்கிரம் எழுதுவேன். எதிரில் இருப்பவரைக் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. பதில் எழுதாமல் விட்ட கடிதம் ஒன்றே ஒன்றுதான். அரசு வழக்கறிஞர் அம்மா, நீங்கள் கேட்டபடி அதைப் பற்றியே எழுதுகிறேன்.

நானும் என் மனைவி லூசெரோவும் லிமாவில் ஒரே வகுப்பில் மேலாண்மை படித்தோம். வகுப்பில் எல்லோருக்கும் இரண்டு ஆலோசனை நிறுவனங்கள்மேல் கண். ஒன்று சான் இசித்ரோவில் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது, கோபுரம் என்போம். மற்றது பாரங்கோ பகுதியில் ஒரு பழைய வீட்டில், பங்களா என்போம். எந்த ஒப்பந்தம் வந்தாலும் இரண்டும் மோதிக்கொள்ளும். கோபுரத்தில் சேர்ந்தால் இரண்டு வருடம் ஊரை விட்டு நகர வேண்டாம். பங்களாவில் புதியவர்களை முதலில் மூன்று மாதம் மலைமேல் சுரங்க முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு முன்பே வேலை அனுபவம் இருந்ததால் அந்த மூன்று மாதம் எனக்கு இல்லை. நேரே குழுத் தலைவன்.

ஒரு திங்கட்கிழமை எனக்கு இரண்டு இடங்களிலிருந்தும் அழைப்புக் கடிதம் வந்தது. லூசெரோவுக்குப் பங்களாவிலிருந்து மட்டும் வந்தது. கோபுரத்தில் அவள் காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர். அவள் மனம் நோகக் கூடாதென்று, கோபுரம் என்னையும் தள்ளிவிட்டது என்று சொன்னேன். அந்தப் பொய் அன்பில் சொன்னது. அவள் என்னைத் தேற்றுவதற்காக வெளியே அழைத்துப் போய், குச்சியில் குத்திச் சுட்ட மாட்டிதயம் வாங்கித் தந்தாள். என் தட்டில் மூன்று குச்சி, அவள் தட்டில் ஒன்று.

செவ்வாய்க்கிழமை காலை பங்களாவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மதியம் கோபுரத்திலிருந்து சோலெடாட் என்ற அம்மாள் போன் செய்தார். நான் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னேன்.

"யோசிங்க, தப்பில்ல. ஆனா வேண்டாம்னா வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள்ள ஒரு வரி எழுதிப் போட்டுருங்க தம்பி. உங்களுக்கு அடுத்து ஒரு பொண்ணு காத்துக்கிட்டிருக்கு. ஆறு தாண்டிட்டா அந்த இடத்த இந்த வருஷத்துக்கு மூடிருவோம்."

எழுதுகிறேன் என்றேன்.

லூசெரோவுக்கு ஏழு வயதில் இதயத்தில் அறுவை நடந்தது. இடது விலாவைச் சுற்றி நீளமான தழும்பு உண்டு. துறைமுகப் பக்கம் வளர்ந்தவள். உயரமான இடங்களுக்குப் போகக் கூடாதென்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். ஒரு முறை நண்பர்களோடு பேருந்தில் மலைக்கணவாய் ஏறியபோது அவள் உதடு நீலமானதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அவளுக்குக் கோபுரம் வேண்டியிருந்தது. இடத்தைப் பிடித்து வைத்திருப்பவன் யாரென்று தெரியாமல் வாரம் முழுக்கத் திட்டினாள்.

"எவனோ ஒருத்தன் ரெண்டு நாற்காலியிலயும் ஒவ்வொரு காலா போட்டு உக்காந்திருக்கான் குண்டா. அவனுக்குப் பொண்டாட்டி இருந்தா, பாவம் அவ."

குண்டா என்பது அவள் எனக்கு வைத்த செல்லப் பெயர். நான் சிரித்தேன். சிரிப்பு உண்மையாகவே வந்தது.

வியாழக்கிழமை மாலை, பங்களாவை ஒப்புக்கொள்வதா, எல்லாவற்றையும் விட்டு அடுத்த வருடம் மறுபடி முயல்வதா என்று அவள் குழம்பியபோது, அட்டவணை போடலாம் என்றேன். எங்கள் தொழிலில் அப்படித்தான் முடிவெடுப்பார்கள். முக்கியமானவற்றைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு எடை என்று நூற்றுக்குப் பிரித்துக் கொடுத்து, மதிப்பெண் போட்டுக் கூட்டுவது. எடைகளை நான் போட்டேன். கற்றுக்கொள்ளுதல் முப்பது. எதிர்காலம் முப்பது. சேர்ந்திருத்தல் இருபது. பெயர் பதினைந்து. உடம்பு ஐந்து.

"என் இதயத்துக்கு வெறும் அஞ்சுதானா?" என்று கேட்டாள்.

"இருபது வருஷமா ஒழுங்கா ஓடுற சாமான் அது. அதுக்கு மேல எதுக்குக் கொடுக்கணும்?"

உதட்டைக் கடித்துக்கொண்டு தாளைப் பார்த்தாள். பங்களாவுக்கு எண்பத்தொன்று, அடுத்த வருடத்துக்கு நாற்பத்தாறு. வேறு யாராக இருந்தாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அம்மாவிடம் கேட்டிருப்பார்கள். எங்களுக்கு அது கைவராது. கூட்டல் சரியாக இருந்தால் வாயை மூடிக்கொள்ளப் பழக்கியிருந்தார்கள். அவள் இரண்டு முறை கூட்டிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆறு மணி வரை போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், அவள் தோளில் கை போட்டுக்கொண்டு. ஆறே காலுக்குப் பங்களாவுக்குக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த ஒரு வரியை ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தீர்கள். படிக்கும்போது, நேர்காணலில் நிறுவனங்கள் தரும் புதிர்க் கணக்குகளை நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் கொடுத்துப் பழகுவோம். நான் பாதி வழியில் இருக்கும்போதே அவள் விடையைச் சொல்லிவிடுவாள். பிறகு நான் வந்து சேரும்வரை பொறுமையாகக் காத்திருப்பாள். அந்தப் பொறுமையை இரண்டு வருடம் பார்த்தேன். கோபுரத்துக்குப் போயிருந்தால் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் எனக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள். பங்களாவில், மூன்று மாதம் கழித்து, என் குழுவுக்கு வருவாள். ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒரே பக்கம் இருப்பதுதான் நல்லது என்று எனக்குப் பட்டது.

மலைக்கு அனுப்புமுன் உடற்சோதனை உண்டு. பழைய அறுவை பற்றி எழுதினால் வேலை போய்விடும் என்றேன், அவள் எழுதவில்லை. ஆனால் டாக்டர் வில்கா தழும்பைப் பார்த்துவிட்டார். சின்ன வயதில் விழுந்தது என்று அவள் சொன்னதை நம்பாமல், படிவத்தில் இருந்த என் எண்ணுக்கு அழைத்தார்.

"சார், மறைக்காம சொல்லுங்க. நெஞ்சுல ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கா? இருந்தா நான் மேல அனுப்ப மாட்டேன். வேலைக்கு ஒண்ணும் ஆகாது, இங்கயே வெச்சுப்பாங்க, நான் எழுதித் தர்றேன்."

வேலை போகாது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். கொஞ்சம் யோசித்தேன். லிமாவிலேயே இருந்தால் மூன்று மாதத்துக்குள் அவள் எவ்வளவு கெட்டிக்காரி என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

"கண்ணாடிக் கதவுல விழுந்தா டாக்டர். ஏழு வயசுல. தையல் போட்டாங்க, அவ்வளவுதான்" என்றேன்.

அந்த மருத்துவமனையில் அழைப்புகளைப் பதிவு செய்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது. அந்தப் பதிவை நீங்கள் கேட்டிருப்பீர்கள். டாக்டர் வில்காமேல் பிழையில்லை, அவரை விட்டுவிடுங்கள்.

நாலாயிரத்து முந்நூறு மீட்டரில் மூன்று நாள் தாங்கினாள். இரண்டாம் நாள் போனில், மூச்சு வாங்குகிறது, கீழே இறங்கிவிடட்டுமா என்று கேட்டாள். முதல் வாரத்திலேயே இறங்கினால் பெயர் கெடும், மலையில் எல்லோரும் மூச்சுக்குக் குடிக்கும் கோகா இலைத் தேநீரைக் குடி என்றேன். மூன்றாம் நாள் காலை ஆம்புலன்சில் இறக்கினார்கள். வழியில் லா ஒரோயா ஊர் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

துக்க வீட்டில் அவள் அம்மா நெலிடா என் கையை விடவே இல்லை. "அந்தப் பாவி ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா என் பொண்ணு இங்கயே இருந்திருப்பா, இல்லையா மாப்ள?" என்று கேட்டார். ஆமாம் அத்தை என்றேன். அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

எழுதாதது நான். ஐந்து என்று எடை போட்டது நான். டாக்டரிடம் பொய் சொன்னதும், இறங்காதே என்றதும் நான்தான். இதில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் அவளுக்கு நான் கெடுதல் நினைத்ததாக மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் அவளுக்குப் பதவி உயர்வு தரும்படி நானே பரிந்துரைப்பதாக இருந்தேன். அதற்கு நல்ல வாக்கியங்களாகச் சிலவற்றை யோசித்தும் வைத்திருந்தேன்.