நீலக் கையால் ஓர் ஆசீர்வாதம்

— மூட்டையைக் கீழே வை, பக்மல். கை நோகும்.

— நோகட்டும். கீழே வச்சா மறுபடி எடுப்பேனான்னு தெரியல.

— வரணும்னுதானே கட்டிக்கிட்டு வந்திருக்கே?

— வரத்தான் கட்டினேன். ரெண்டு ரொட்டி, ஒரு பட்டு அங்கி, எங்கம்மாவோட விளக்கு. பக்கத்து வீட்டுக்காரி எங்க போறேன்னு கேட்டா. துணிக்குச் சாயம் போடன்னு சொன்னேன். இந்தப் புகாரா ஊர்ல சாயப்பட்டறைக்குப் போறவளை யாரும் ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாங்க, சாயக்காரரே.

— உன்னைக் கேக்கலாம். உன் வீட்டுல இனிமே நீலமாக வேண்டிய துணின்னு என்ன பாக்கி இருக்கு?

— தலையணை உறை கூட பாக்கி இல்ல. போன வாரம் சமையக்கட்டுத் துணியைக் கொண்டு வந்தேன். ஒண்ணும் கேக்காம அதையும் முக்கிக் குடுத்தீங்க.

— நீ வர்றதுக்கு ஒரு சாக்கு. குடுக்காம என்ன பண்ண? சரி, கிளம்பு. வண்டிக்காரன் கோட்டைக்கு வெளியே நிக்கிறான். இருட்டறதுக்குள்ள வாசலை அடைச்சிடுவாங்க. அதைத் தாண்டிட்டா தாஷ்கந்துக்கு வழி. அங்க அமீர் ஆட்சி கிடையாது, யூதன்னா இடுப்புல கயிறு கட்டுன்னு சொல்ல ஆள் கிடையாது. அவ்வளவுதானே?

— அவ்வளவுதானே, அவ்வளவுதானேன்னே உங்க ஆயுசு போயிடும். உக்காருங்க. எனக்கு ஒரு தடவை முழுசா சொல்லுங்க. அங்க போய், கல்யாணம் பண்ணி வைக்கிற குரு, ரப்பி முன்னாடி நிக்கிறோம். நீ யாரும்மான்னு அவர் கேக்கறாரு. நான் என்ன சொல்ல?

— விதவைன்னு சொல்லு. உன் புருஷன் ஷமுயில் செத்து வருஷம் திரும்பியாச்சு. அது பொய்யா?

— பொய் இல்ல. சாகறதுக்கு முன்னாடி, படுக்கையில கிடந்தபடியே என்னைத் தீர்த்துவிட்டு, கையில விவாகரத்துச் சீட்டு குடுத்தாரே. அதுவும் பொய் இல்ல.

— அதைச் சொல்லாம விட்டுடு.

— பாவம் அந்த மனுஷன். நல்லது நினைச்சுத்தான் குடுத்தாரு. எங்களுக்குப் புள்ளை இல்ல. கஷ்கருக்கு வியாபாரத்துக்குப் போன அவர் தம்பி இருக்கானா செத்தானான்னே தெரியல. அவர் அப்படியே போயிருந்தா, நம்ம சட்டப்படி அந்தத் தம்பி வந்து என்னைக் கட்டிக்கிற வரைக்கும், இல்ல வேண்டாம்னு விடுவிக்கிற வரைக்கும் நான் காத்துக் கிடக்கணும். நீ கட்டுண்டு கிடக்க வேண்டாம்னு சொல்லித் தீர்த்துவிட்டாரு. ஊரே மெச்சுச்சு. நானும் அழுதுகிட்டே அவருக்கு நன்றி சொன்னேன்.

— இனிமே நீ யாரை வேணும்னாலும் கட்டிக்கலாம்னு.

— ஆரோன் வம்சத்துக்காரரைத் தவிர.

— கறிக்கடைக்காரன் உன்னைக் கட்டலாம். பட்டுக்காரன் கட்டலாம். மூணு பல்லு மிச்சம் இருக்கிற கிழவன் கூடக் கட்டலாம். என்னை மாதிரி ஆரோன் வழி வந்த கோஹனுக்கு மட்டும், விதவை ஆகும், தீர்த்துவிட்டவ ஆகாது. எங்க பாட்டன் முப்பாட்டன் எருசலேம் கோயில்ல பலி குடுத்தாங்களாம். கோயில் இடிஞ்சு எத்தனையோ காலமாச்சு. எனக்கு இன்னும் பொண்டாட்டி வாய்க்கல.

— சிரிக்க வைக்காதீங்க. நம்ம ரப்பிகிட்டத்தான் போய்க் கேட்டீங்களே.

— கேட்டேன். டீ குடுத்தாரு. தாடியைத் தடவினாரு. வேற பொண்ணைப் பாருன்னாரு. டீ நல்லா இருந்துச்சு.

— சரி, அடுத்ததைச் சொல்லுங்க. தாஷ்கந்துல கல்யாணம் ஆயிடுச்சு. மறுநாள் காலையில ஜெபக்கூடத்துல, கோஹன் இருந்தா மேடை ஏறி ஜனத்தை ஆசீர்வதிங்கன்னு கூப்பிடுவாங்க. தீர்த்துவிட்டவளைக் கட்டினவர் ஏறக்கூடாது. நான் கோஹனே இல்லைன்னு சொல்வீங்களா?

— சொல்ல மாட்டேன். எங்கப்பாவை யாருன்னே தெரியாதுன்னு சொல்ற மாதிரி அது. இந்தா, இந்தக் கையைக் காட்டுவேன்.

— நீலத்தையா?

— முழங்கை வரைக்கும் அவுரி. பெரியவங்க சட்டத்துலயே இருக்கு, பக்மல். சாயம் ஏறின கையைத் தூக்கி ஆசீர்வதிக்கக் கூடாது. ஜனங்க ஜெபத்தை விட்டுட்டுக் கையையே பாத்துக்கிட்டு நிப்பாங்களாம். ஊர்ல முக்காவாசிப் பேர் சாயக்காரங்களா இருந்தா மட்டும் பரவாயில்ல, யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. புகாராவுல எல்லார் கையும் நீலம், அதனால ஏறுறேன். தாஷ்கந்துல நான் ஒருத்தன்தான் நீலமா இருப்பேன். கையைப் பாத்ததும் ரப்பியே, நீ ஏறாதேப்பான்னு சொல்லிடுவாரு. நீ சொன்னதும் பொய் இல்ல, நான் காட்டினதும் பொய் இல்ல.

— இதை எப்ப யோசிச்சீங்க?

— தொட்டியைக் கலக்கும்போதெல்லாம் யோசிச்சேன். வேற என்ன வேலை எனக்கு?

— சாயம் வெளுத்துடுமே.

— வெளுக்க விட்டாத்தானே. அங்கயும் ஒரு தொட்டி வைப்பேன். நூல் வராட்டியும் கையை முக்கி எடுப்பேன்.

— தினமுமா?

— சாகுற வரைக்கும். நீ பக்கத்துல இருந்தா தலையைக் கூட முக்கிக்குவேன்.

— மத்த கோஹன்கள் மேடை ஏறும்போது நீங்க எங்க இருப்பீங்க?

— வெளியே. ஏறாதவன் அந்த நேரத்துல உள்ள நிக்கிறது வழக்கமில்ல. முற்றத்துல நின்னு காத்து வாங்குவேன். அவ்வளவுதானே.

— உள்ள ஓடாம கால் நிக்குமா?

— கால் நிக்கும். கைதான் சொன்ன பேச்சு கேக்காது. போன குளிர்ல காய்ச்சல்ல கிடந்தேனே, எனக்கு நினைவே இல்ல. எங்கக்கா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. விடிஞ்சு ஆசீர்வதிக்கிற நேரம் வந்ததும் ரெண்டு கையும் போர்வைக்குள்ள தானா எழும்புச்சாம். விரலும் மேடையில பிரியற மாதிரியே தானா பிரிஞ்சு நின்னுச்சாம். அறையில இருந்தது அக்காவும் பூனையும்தான். பூனை பயந்து ஓடியே போச்சாம். நீ ஏன் சிரிக்கல? பக்மல், மூட்டையை ஏன் கீழே வைக்கிறே?

— கை நோகுது.

— வாசல் அடைச்சிடுவாங்க.

— கேட்டுக்கோங்க. நான் உங்களை முதல்ல பாக்கல. கேட்டேன். ஷமுயில் போனப்புறம் என் வீட்டுல ஒரு சத்தம் கிடையாது. குளத்துக்குத் தண்ணிக்குப் போறப்ப ஜெபக்கூடத்து ஜன்னல் வழியா ஒரு குரல் வரும். ஜெபச் சால்வைக்குள்ள இருந்து வர்ற குரல், முகம் கிடையாது. எல்லாரையும் காப்பாத்தச் சொல்லி அது கேக்கும். என்னையும் சேத்துத்தான்னு நினைச்சுப்பேன். குடம் நிறைஞ்சப்புறமும் நிப்பேன். அப்புறம் ஒரு நாள் இங்க நூல் குடுக்க வந்தேன். வெயில்ல போடாதேம்மா, நிழல்ல காயப்போடுன்னீங்க. அதே குரல்.

— அந்தக் குரல்தானே உன்கூட வரப்போகுது? தினமும் வீட்டுலயே சொல்றேன், உனக்கு மட்டும்.

— இப்பச் சொல்லுங்க. கேக்கறேன்.

— இப்பவா?

— நான் மட்டும்தானே இருக்கேன்.

— முடியல, பக்மல். அதைச் சும்மா சொல்ல வராது. முன்னாடி ஜனம் நிக்கணும்.

— பாத்தீங்களா? தாஷ்கந்துலயும் வராது. நான் ஆசைப்பட்ட மனுஷனை முற்றத்துல நிறுத்திட்டு, மிச்சம் இருக்கிறவரோட நான் குடித்தனம் பண்ணணும். தினம் விடிஞ்சதும் உங்க கை எழும்பும். நீங்க அதைத் தொட்டிக்குள்ள அமுக்குவீங்க. நான் ரொட்டி சுட்டுக்கிட்டு அதைப் பாத்துக்கிட்டு இருக்கணும்.

— பாத்துப் பழகிக்கோ. நானும் பழகிக்கிறேன். நீ இல்லாம இருக்க மட்டும் என்னால பழக முடியாது.

— எனக்கு மட்டும் முடியுமா? உங்களை நினைக்காம ஒரு வாய் சோறு இறங்கல. அதனாலதான் மூட்டை கட்டினேன். அதனாலேயேதான் இறக்கியும் வச்சேன்.

— அப்ப வர மாட்டே.

— வர மாட்டேன்.

— சரி. போய் வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பிடறேன். ஆனா ஒண்ணு. இனிமே இந்த ஊர்லயும் நான் மேடை ஏற மாட்டேன்.

— ஏன்?

— கையைத் தூக்கறதுக்கு முன்னாடி, ஜனத்தை அன்போட ஆசீர்வதிக்கிறேன்னு வாய்விட்டுச் சொல்லணும். கட்டளையே அப்படித்தான். மனசுல வெறுப்பை வச்சுக்கிட்டுச் சொன்னா, சொன்னவன் தலையிலேயே விழும். நான் இந்த ஊரை வெறுக்கிறேன், பக்மல். டீ குடுத்த ரப்பியை வெறுக்கிறேன். உன் சீட்டை எழுதினவனை வெறுக்கிறேன். செத்துப்போன ஷமுயிலைக் கூட விட்டு வைக்கல. அன்போடன்னு நான் எந்த வாயால சொல்ல? இந்த ஜனத்துல எனக்குன்னு யார் இருக்கா?

— நான் இருக்கேன், இலோசர். நாளைக்குக் காலையில குடத்தோட ஜன்னலுக்கு வெளியே நிப்பேன். ஊரே கேக்க, அந்த ‘அன்போட’ங்கற வார்த்தையை என்கிட்டச் சொல்லுங்க. அதை மட்டும் சட்டமே உங்களைச் சொல்லச் சொல்லுது.