ஓட்டையில்லாத கண்மாய்

ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை மேடம், குடித்துக்கொள்கிறேன்.

பெயர் ஜெரோம். கீரனூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. டிரோனில் எடுத்த படத்தில் கண்மாய்த் தண்ணீர் எதுவரைக்கும் என்று கம்ப்யூட்டரை வைத்துக் கோடு போடுவோம். முதலில் சுற்றி ஒரு பெரிய வளையம் போடுவேன். அது ரப்பர் பேண்ட் மாதிரி தானே சுருங்கித் தண்ணீரின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். எப்படி வேண்டுமானாலும் வளையலாம், நெளியலாம். அறுந்து இரண்டாகக் கூடாது, நடுவில் ஓட்டை விழக் கூடாது. கண்மாய் என்றால் முழுசாக ஒன்று.

கட்டுப்பாடு இல்லாத காலத்தில் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தண்ணீரில் படுத்திருந்த எருமை முதுகெல்லாம் தீவாகிவிட்டன. ஆபீஸே சிரித்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

கண்ணுசாமி அண்ணன் எருமை இல்லைதான். கீழக் கண்மாய்க்கு நடுவே ஒரு திட்டில் ஓட்டு வீடு கட்டித் தனியாக இருந்தார். என் படத்தில் அந்த இடம் தண்ணீர். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக் கரண்ட் கனெக்‌ஷனை வெட்டப் போவதாக ஈ.பி. ஆபீஸில் அவருக்குச் சொல்லிவிட்டார்கள். நனைந்த வேட்டியோடு ஆபீஸுக்கு வந்தார்.

"எங்கப்பன் காலத்துலேர்ந்து அங்கிட்டுத்தான் இருக்கோம். ஒங்க படத்துல எனக்குன்னு ஒரு ஓட்டை போட்டு விடுங்க தம்பி."

பாவமாக இருந்தது. அவருக்குப் போட்டால் எருமைக்கும் போட வேண்டி வரும் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

"அப்ப நா வீட்டுல இருக்கேனா, தண்ணிக்குள்ள இருக்கேனா?" என்றார்.

நியாயமான கேள்வி. என்னைப் போட்டு அரித்தது. படம் பொய் சொல்லக் கூடாதில்லையா.

கீழக் கண்மாய்க்குத் தண்ணீர் விடும் மேலக் கண்மாய் கார்த்திகை மழையில் ததும்பி நின்றது. தமுக்கடித்து ஊருக்குச் சொல்லிவிட்டு மடை திறப்பதுதான் வழக்கம். நானும் முறை தவறவில்லை. ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். கண்ணுசாமி அண்ணனிடம் இருந்தது பட்டன் போன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கீழக் கண்மாயில் மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலிங்கை மணல் மூட்டை வைத்து அடைத்தேன். பிறகு மேலே போய் மடையைத் திறந்தேன். தலைக்கு மேல் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். எனக்குக் கூரைக்கு மேல் ஒரு சாண் இருந்தால் போதும்.

வெயில் தாழ டிரோனை விட்டேன். கூரை உச்சியில் அவர் உட்கார்ந்திருந்தார். டிரோனைப் பார்த்துத் துண்டை ஆட்டினார். படத்தில் ஒரே ஒரு புள்ளி. புள்ளியும் ஓட்டைதான், மேடம். பேட்டரியை மாற்றிவிட்டுக் காத்திருந்தேன். இருட்டுவதற்குள் படம் சுத்தமாக வந்துவிட்டது. அவரை எனக்குப் பிடிக்கும். வருத்தம்தான்.

அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட வழியே இல்லையா என்கிறீர்கள். இருக்கிறது. மவுஸில் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். ஆனால் எடுத்துவிட்டால் கோடு துண்டு துண்டாக அறுந்துபோகும், மேடம். அந்தக் கொடுமையை என்னால் கண்கொண்டு பார்க்க முடியாது.