ஹெல்மெட்டுக்குள் பெண் பார்த்தவர்கள்

அடையாறு பெட்ரோல் பங்க் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் தனித்தனி பைக்கில் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். இருவர் ஹெல்மெட்டிலும், ஓட்டிக்கொண்டே பேசிக்கொள்ளும் இன்டர்காம் ஒட்டியிருந்தது.

“பொண்ணு பாக்க வந்தவன், பாலவாக்கம் வரைக்கும் உங்க பின் சக்கரத்ததான் பாத்தேன்,” என்றார் அவர்.

“தனியா பேசுங்கன்னு மாடிக்கு அனுப்புனாங்க. படிக்கட்டு முழுக்க உங்க சொந்தம், எங்க சொந்தம். ஹெல்மெட்டுக்குள்ள யாரு வருவா?”

“சரி, என்னைப் புடிச்சிருக்கா இல்லையான்னு பதில் சொல்லுங்க,” என்றார் அவர்.

“கல்யாணத்துக்கப்புறம் வண்டிய விக்கச் சொல்ல மாட்டீங்களே?”

“அப்பவே சொன்னேனே. வித்துட்டா நான் யார்கூட பேசிக்கிட்டே ஓட்டுறது?”

அவள் சிரித்தாள். சிரித்தபடியே டேங்க் மூடியைத் திறந்தாள்.

அதற்குள் மூன்றாவது பைக்கில் ஒரு பையன் வந்து நின்றான். துணைக்கு அனுப்பப்பட்ட தம்பியாம். அவன் ஹெல்மெட்டிலும் அதே கருவி.

“டேய், உன்னுதும் ஆன்லயா இருந்துச்சு?”

“காலைல மூணையும் சேத்து விட்டதே நான்தானக்கா. நீதான் மறந்துட்ட.”

“எல்லாத்தையும் கேட்டியா?”

“கேட்டேன். அம்மாவுக்கும் போன் பண்ணிட்டேன். மாமாவுக்கு காபி போட்டு வைக்கச் சொல்லிட்டேன்.”

அவர் அவளையே பார்த்தார்.

“காலைல வரைக்கும் சார்னு கூப்ட்டவன் மாமான்னே கூப்ட்டுட்டான்,” என்றாள் அவள். “இனிமே நான் தனியா வேற சொல்லணுமா?”

வரிசை நகர்ந்துவிட்டது. அவர் வண்டி நகரவில்லை. நானும் ஹார்ன் அடிக்கவில்லை.